ஒன்பதரை முதல் பத்தரை வரை

முப்பது வருடம் நான் பிலிம் பார்த்தேன். கொழும்புத் துறைமுகத்தில், கப்பல் பழுது பார்க்கும் இடமொன்றில். இரும்போடு இரும்பை ஒட்டிய வெல்டிங் கோட்டுக்குள் கதிரைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் எலும்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே மாதிரித்தான். அந்தப் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, "சரி" என்றோ "திருப்பிச் செய்" என்றோ எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. சட்டையில் எப்போதும் ஒரு சின்னப் பட்டை குத்தியிருக்கும். எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க மாதா மாதம் அதைக் கழற்றி அனுப்புவார்கள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "இந்த ஒரு தடவை விடுங்க" என்று யாராவது கெஞ்சினால் இன்னும் கூடும். வெல்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் "திருப்பிச் செய் அக்கா" என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சிலர் முகத்துக்கு நேரேயும் கூப்பிட்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரே ஒரு தடவை விட்டேன். கப்பல் அன்றைக்கே புறப்பட வேண்டும். பெரியவர்கள் மூன்று பேர் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். பிலிமில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. "சரி" என்று எழுதிக் கொடுத்தேன். கப்பல் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லித் துறைமுகத்துக்காரர்களிடம் வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அதை எங்கோ உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியில் பாதியை வங்கியில் போட்டேன். மற்றப் பாதிக்கு ஒரு பொறியியல் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கொதிகலன், எண்ணெய் நிரப்பி வைக்கும் தாங்கி எல்லாம் செய்யும் கம்பெனி அது. அவர்களுடைய வேலை சில சமயம் படம் எடுக்க எங்களிடம் வரும். பிலிம் சுத்தமாக இருக்கும். நான் "திருப்பிச் செய்" என்று அதிகம் எழுதாத இடம் அது ஒன்றுதான். கணக்கறிக்கை படிக்கத் தெரியாத எனக்கு அது போதுமான அத்தாட்சியாக இருந்தது.

என் தங்கைக்குப் பங்குச் சந்தையும் ரேஸ் புக்கியும் ஒன்றுதான். "குதிரைப் பேராவது தெரியும், இதுல அதுவும் தெரியாது" என்பாள். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். தெருவைப் பார்த்த கதவு. கோயிலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜனவரியில் பிள்ளைகளின் வரிசை அடுத்த வீட்டுப் படி வரை நிற்கும். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கதவுதான் அவளுடைய கடை, விளம்பரம் எல்லாம்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போவதென்று முடிவெடுத்தார். நல்ல மனிதர். "முதல்ல உங்களைக் கேட்கிறேன், வருஷம் முடியும் வரைக்கும் வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் கேட்ட தொகை நியாயமானது. எங்களிடம் அது இல்லை. அறுபதை நெருங்கும் இரண்டு பெண்களுக்கு, அதிலும் ஒருத்திக்குச் சம்பளச் சீட்டே கிடையாது என்றால், எந்த வங்கி கடன் கொடுக்கும்?

இனி மேசைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி தன் பங்குதாரர்களைக் கூட்டும். நான் முதன்முதலாகப் போன கூட்டத்தில், கடைசி வரிசையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளவத்தைக்காரர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"தங்கச்சி, உமக்கு எத்தினை பங்கு கிடக்கு?" என்றார், ஏதோ எத்தனை பிள்ளை என்று கேட்பது மாதிரி.

சொன்னேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த இருவரையும் காட்டினார். ஒருவர் காலி வீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். மற்றவர் பம்பலப்பிட்டியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் ரியூஷன் கொடுக்கும் மாஸ்டர். தலைவர் மேடையில் "கேள்விகள் இருக்கின்றனவா?" என்று கேட்கத் தொடங்கியதும் மூவரும் எழுந்தார்கள்.

"எங்கே போறீங்க?" என்றேன்.

"பிந்தினால் பற்றீஸ் முடிஞ்சிடும்" என்றார் இரும்புக் கடைக்காரர்.

கொழும்பில் பங்குதாரர் கூட்டம் என்றால், கேள்வி நேரத்தில் வெளியே வைத்திருக்கும் தீனிக்கு ஓடுவதுதான் முறை. நூறு பங்கு மட்டும் வைத்துக்கொண்டு, கம்பெனி கம்பெனியாகக் கூட்டத்துக்குப் போய் வயிறு நிறைப்பவர்களும் இருக்கிறார்கள். பந்திக்கு முந்து என்று சொன்னவன் இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான். பாதி மண்டபம் கதவுப் பக்கம் நகர்ந்தது. நானும் போனேன். உள்ளே கிழங்கு அடைத்துப் பொரித்த அந்தப் பற்றீஸ் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையின் பின்பக்க மேசையில் நான்கு பேரும் சந்திப்போம். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஒரு வடை, பால் சேர்க்காத ஒரு பிளேன்ரீ, பங்குக் கதை. அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. வங்கிக்காரர் போட்டது. எங்கள் கம்பெனியின் பங்கை வாங்குவோர் விற்போர் குறைவு. நான்கு பேரில் ஒருவர் மொத்தமாக விற்றாலே விலை சரியும். ஆகவே மேசையில் சொல்லாமல் யாரும் விற்கக் கூடாது. காகிதத்தில் எழுதவில்லை. வடையைப் பிய்த்துக்கொண்டே எல்லோரும் "ஓம்" என்றோம்.

ஒரு சனிக்கிழமை ரியூஷன் மாஸ்டர் ஓடாத குறையாக வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றோடு எங்கள் கம்பெனி உடன்படிக்கை செய்திருக்கிறது, சிறிய அணு உலைகளுக்கான பாகங்களைச் செய்யப் போகிறது என்று சந்தையில் அறிவித்தல் வந்திருந்தது.

"சின்ன உலை எண்டால் எவ்வளவு சின்னன்? குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில வைக்கலாமோ?" என்று இரும்புக் கடைக்காரர் கேட்டார்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றார் மாஸ்டர். சீனிப் போத்தலை நடுவில் இழுத்து வைத்தார். "பழைய அணு உலை எண்டால் பெரிய ஆலை. கட்டி முடிக்கவே கனகாலம். இது அப்பிடியில்லை. பாகம் பாகமாய்த் தொழிற்சாலையில செய்து, கப்பலில ஏத்திக் கொண்டுவந்து பூட்டுறது. எங்களைப் போலச் சின்ன நாட்டுக்கு அளவானது. கரண்ட் இல்லாமல் நாளுக்கு எத்தினை மணித்தியாலம் வேர்த்து வழிஞ்சம், மறந்து போச்சோ?"

யாருக்கும் மறக்கவில்லை. என் தங்கை அந்த நாட்களில் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் தையல் மெஷினில் உட்காருவாள்.

"அப்ப பங்கு எங்க போய் நிக்கும்?" என்றார் வங்கிக்காரர். அவருக்கு உலை எவ்வளவு சின்னது என்பது முக்கியமில்லை.

"அதை நான் ஏன் சொல்லுவான்? நீங்களே யோசியுங்கோ."

நானோ அணு உலைப் பாத்திரத்தின் வெல்டிங்கை யார் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கப்பலின் அடித்தட்டுக்கே பிலிம் பிலிமாகப் பார்த்தோம். உலைக்கு எத்தனை பிலிம்? அதைப் படிக்கச் சான்று பெற்ற ஆள் இந்த நாட்டில் இருக்கிறாரா? இந்தத் தொழிலில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். எல்லோரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் என்னைப் போல வீட்டில் இருக்கிறார்கள்.

பங்கு விலை ஏறியது. சனிக்குச் சனி ஏறியது. மாஸ்டர் தன் தம்பியின் காசையும் கொண்டுவந்து போட்டார். வருடாந்தக் கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை நான் பஸ்ஸில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். அந்த விலைக்கு விற்று, வங்கியில் இருப்பதையும் சேர்த்தால் வீடு எங்களுடையது. வீட்டுப் பத்திரம் எழுதும் செலவுக்கும் மிஞ்சும். மேசைக்குப் போனதும் சொன்னேன்.

"நான் திங்கக்கிழமை விக்கப் போறேன்."

வங்கிக்காரர் வடையைக் கீழே வைத்தார். "பொறும் தங்கச்சி. புதன்கிழமை கூட்டம். தலைவர் மேடையில ஏதாவது பெரிசாய்ச் சொல்லுவார். இன்னும் ஏறும். வியாழக்கிழமை வில்லும். மூண்டு நாள்தானே?"

மூன்று நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. அவர் என்னைக் கட்டிப்போடவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. சமையலறைக்குப் புதுக் கூரை போடலாம் என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன பிரயோசனம்?

செவ்வாய்க்கிழமை சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தங்கையிடம் சொன்னேன், கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன் என்று.

"என்னா கேள்வி?"

"அந்த உலைக்கு யாரு பிலிம் பாப்பாங்கன்னு."

மெஷினை நிறுத்தினாள். "கேட்டா வெல எறங்குமா?"

"பதிலப் பொறுத்து."

"அப்ப வித்துட்டு அப்புறம் கேளேன்க்கா. யாரு வேணாம்னா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு புத்தி. வியாழக்கிழமை விற்பதாக மேசையில் பேசியாயிற்று என்றேன். அது சாக்கு. உண்மை என்னவென்றால், அந்த அறிவித்தலைப் படித்த நாளிலிருந்து அந்தப் பழைய மயிரிழைக் கோடு என் கண்ணுக்குள் வந்து நின்றது. மாஸ்டரின் தம்பி காசு வேறு. தெரியாமல் விற்பது ஒன்று, கேட்டால் தெரியும் என்று தெரிந்தும் கேட்காமல் விற்பது இன்னொன்று. இதை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு வரவில்லை. கோபமாக, "நான் கேட்டுட்டுத்தான் விப்பேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

புதன்கிழமை கூட்டம் சந்தை மூடிய பிறகு, பிற்பகலில். தலைவர் நீண்ட உரை ஆற்றினார். எதிர்காலம், சுத்தமான சக்தி, உலக மேடை. மேசைக்காரர்கள் மூவரும் என் பக்கத்தில் பூரித்துப்போய் இருந்தார்கள். கணக்கு நிறைவேறியது, இயக்குநர்கள் திரும்பத் தெரிவானார்கள். "கேள்விகள் இருக்கின்றனவா?" வழக்கம் போல ஆட்கள் எழும்ப, கதிரைகள் கரகரவென்று பின்னால் போயின. வங்கிக்காரர் என் தோளைத் தட்டினார்.

"வாரும்."

"நீங்க போங்க அண்ணே."

கையைத் தூக்கினேன். மைக் என்னிடம் வருவதற்குள் மண்டபத்தில் முன் வரிசைகளில் கம்பெனி ஆட்களும், ஆங்காங்கே ஏழெட்டுப் பேரும்தான் மிச்சம். எழுந்து நின்றேன். துறைமுகத்துச் சிங்களத்தில் கேட்டேன், எனக்கு அதுதான் தொழில் பாஷை. முப்பது வருடம் வெல்டிங் பிலிம் படித்தவள் என்று சொன்னேன். உலைப் பாத்திரம் செய்யத் தேவையான சான்று கம்பெனிக்கு இருக்கிறதா, பிலிம் படிக்க ஆள் இருக்கிறதா, இரண்டும் இல்லையென்றால் இந்த உடன்படிக்கையில் நாம் செய்யப்போவது உண்மையில் என்ன பாகம் என்று கேட்டேன்.

தலைவர் சிரித்தார். மேடை ஓரத்தில் இருந்த ஒரு பொறியியலாளரைப் பார்த்தார். நடுத்தர வயது, கழுத்துப் பட்டி கட்டிப் பழக்கமில்லாதவர். எழுந்து நின்று, தான் செய்த வேலையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில், முழு உண்மையையும் சொல்லிவிட்டார். சான்று இல்லை. அதைப் பெறப் பல வருடம் ஆகும். உடன்படிக்கையில் இருப்பது உலைக்கு வெளியே நிற்கும் இரும்புச் சட்டங்களும் தண்ணீர்த் தாங்கிகளும். அதுவும் பேச்சளவில்தான், நாடு தீர்மானிக்காமல் எதுவும் நடக்காது. "பிலிம் படிக்கிறவர்கள் விஷயத்தில் மிஸ் சொல்வது சரி, எங்களிடம் ஆள் இல்லை" என்றார். தலைவர் மைக்கை வாங்கி, நீண்ட காலக் கனவு என்று ஏதோ சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பொறியியலாளரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த கணம் கொட்டாஞ்சேனை வீட்டின் கதவு ஞாபகம் வந்தது.

வெளியே சாப்பாட்டு மேசையில் மூவரும் தட்டோடு நின்றார்கள். எனக்கும் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். உள்ளே பொறியியலாளர் சொன்ன ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பற்றீஸைக் கடித்துவிட்டு, காலையில் முதல் ஆளாக விற்றிருக்கலாம். சனிக்கிழமையே மேசையில் சொல்லியாயிற்று, சட்டமும் என் பக்கம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதையும் பதிலையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

மாஸ்டரின் முகம் வெளுத்தது. இரும்புக் கடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். வங்கிக்காரர்தான் வெடித்தார்.

"பொய்! தலைவர் மேடையில சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள். உமக்கு விக்க வேணும், அதுக்கு எங்களையும் பயப்படுத்துறீர். ஆரோ ஒருத்தன் தாங்கி எண்டு சொன்னானாம்!"

"அண்ணே, நீங்க பற்றீஸ் எடுக்கப் போனீங்க. நான் உக்காந்து கேட்டேன்."

"மேசையில கதைக்க வேண்டியதை இஞ்ச நிண்டு கதைக்காதையும். சனிக்கிழமை பாப்பம்."

"சனிக்கிழமைக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். இந்தத் தட்டுதான் மேசை." என் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கேளுங்க. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்குச் சந்தை தொறக்கும். நான் பத்தரை வரைக்கும் ஒரு பங்கும் விக்க மாட்டேன். அந்த ஒரு மணித்தியாலம் உங்களுக்கு. விக்கிறதுன்னா வித்துக்கங்க, வெச்சிருக்கிறதுன்னா வெச்சிருங்க. பத்தரைக்கு மேல என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

"நான் ஒண்டையும் விக்க மாட்டன்" என்றார் வங்கிக்காரர். மற்ற இருவரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அவர்கள் விற்க மாட்டார்கள் என்று நானும் நம்பினேன். ஏன் அப்படி ஒரு வாக்குக் கொடுத்தேன் என்று பிறகு பல தடவை என்னையே திட்டியிருக்கிறேன். ஆனால் பொய்க்காரி என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னால், நான் அவரை விட ஒரு படி மேலே ஏறி நிற்க வேண்டும். அது என் பிறவிக் குணம், அதற்கு மருந்து இல்லை.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். தங்கை கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு விலை கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். பத்து மணிக்கு நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். தங்கை மெஷினை நிறுத்திவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"எறங்குதாக்கா?"

"எறங்குது."

"அப்ப வில்லேன்."

"பத்தரைன்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட? ஒன்ன பொய்க்காரின்னு சொன்ன ஆளுககிட்டயா?"

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் இருந்ததில்லை. அவளுடைய ஊசிப் பெட்டி அவள் கையிலேயே இருந்தது.

பத்தரை அடித்ததும் பங்குத் தரகர் அலுவலகத்துக்கு அழைப்பெடுத்தேன். எங்கள் நால்வருக்கும் அங்கே ஒரே பிள்ளைதான் கணக்குப் பார்ப்பாள்.

"விக்கணும்மா. நூறு பங்கை மட்டும் வெச்சிட்டு மிச்சம் எல்லாம்."

"ஓம் அன்ரி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "உங்கட ஆக்கள் எல்லாரும் சந்தை திறந்த கையோட வித்து முடிச்சிட்டினம். நீங்கள்தான் கடைசி. முதலே எடுத்திருக்கலாமே அன்ரி?"

மூன்று பேரும். ஒரு மணித்தியாலத்துக்குள். விலை தானாக இறங்கவில்லை, என் வடை நண்பர்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பிள்ளையிடம் "விடுங்க, இப்ப இருக்கிற விலைக்கே போடுங்க" என்றேன். மாலைக்குள் எல்லாம் விற்று முடிந்தது. வந்த தொகையோடு வங்கிப் பணத்தையும் சேர்த்தால் வீடு வாங்கலாம், முன்னறை இல்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் குறைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியே விளக்க அறிவித்தல் விட்டது. சட்டங்கள், தாங்கிகள், பேச்சளவில். அதற்குப் பிறகு விலை விழுந்த விழுகையைப் பார்த்தால் நான் தப்பியது பெரிய காரியம். என்னிடம் வாங்கிய யாரோ ஒருவர் தப்பவில்லை. திறந்த கூட்டத்தில் கேட்ட கேள்விதான், இருந்தவர்கள் கேட்டிருக்கலாம். என்றாலும் அந்த முகம் தெரியாதவரை இடைக்கிடை நினைத்துக்கொள்கிறேன்.

விற்ற அந்த வாரச் சனிக்கிழமை நான் வர மாட்டேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் ஏன் வராமல் இருப்பேன்? இரண்டு பஸ் மாறிப் போய், என் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். மூவரும் பிளேன்ரீக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"பொய்யின்னு சொன்னீங்களே அண்ணே. அப்புறம் ஏன் வித்தீங்க?"

வங்கிக்காரர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நம்பினபடியால்தான் வித்தனான்" என்றார். "நீர் சொல்லி முடிக்கேக்கையே நம்பியிட்டன். மற்ற ஆக்களுக்கு முன்னால ஓமெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"எனக்கு வீடு போச்சு, தெரியுமா?"

"தெரியும்."

"உங்க மூணு பேராலதான் போச்சு."

"ஓம்" என்றார். மாஸ்டர் அழுதார், தம்பியின் காசு தப்பியது என்று சொல்லிக்கொண்டே அழுதார். எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் அந்தக் காசு தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு வடையைத் தின்றேன்.

வீட்டை வேறொருவர் வாங்கினார். வங்கிக்காரர் தன் தெருவிலேயே எங்களுக்கு ஒரு மாடி அனெக்ஸ், வீட்டோடு ஒட்டிய சின்ன வாடகைப் பகுதி, பார்த்துக் கொடுத்தார். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். இரும்புக் கடைக்காரர் லொறி அனுப்பினார். தங்கை அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. சாமான் ஏற்றும் அன்று தெருவே கூடிவிட்டது. ஏன் திடீரென்று போகிறீர்கள் என்று எதிர்வீட்டு அம்மா அவளைப் பிடித்துக் கேட்டார். அவள் தையல் மெஷினின் தலையை ஒரு பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

"எங்கக்கா ஒரு கேள்வி கேட்டா. அதான்" என்றாள்.

குறையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. தலைவரிடம் கேட்டேன், வங்கிக்காரரிடம் கேட்டேன். இவளிடம் மட்டும் கேட்கத் துணிவு வரவில்லை. மாடிக்கு யார் ஏறி வந்து சீருடை அளவு கொடுக்கப் போகிறார்கள்? முதல் ஜனவரியில் பழைய ஆட்கள் நாலைந்து பேர் பஸ் ஏறி வந்தார்கள், அவ்வளவுதான். அவள் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகை மாட்டினாள். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களின் வாசலில் நின்று தாய்மாரிடம் பேசினாள். மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் தையலுக்கு நடுவில் தலையைத் தூக்கி, தெருக் கதவைத் தேடி, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிவாள். அதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

இந்த வருடக் கூட்டத்துக்கான கடிதம் வந்தது. மேசைக்காரர்கள் எல்லாப் பங்கையும் விற்றுவிட்டதால் அவர்களுக்கு அழைப்பு இல்லை. நான் நூறு வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான். கை தூக்க அது போதும். உடன்படிக்கை என்ன ஆனது, பிலிம் படிக்க இரண்டு பிள்ளைகளையாவது பயிற்சிக்கு அனுப்பினார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த நாட்டுக்கு உலை வரட்டும், வராமல் போகட்டும், வந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

கூட்டத்தன்று காலையில் எழுந்தபோது என் சேலைக்குத் தங்கை ஏற்கெனவே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மெஷினில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"முன் வரிசையில உக்காருக்கா. பின்னால உக்காந்தா மைக் வாறதுக்குள்ள எல்லாம் திங்கப் போயிருவாங்க. ஒங்கேள்விய நாலு பேரு கேக்கணும்."

முன் வரிசையில்தான் உட்கார்ந்தேன். தலைவர் வாய் திறந்து கேட்குமுன்பே என் கை மேலே இருந்தது.